உலகக் கணக்கில் சேரிக்குக் கட்டமில்லை

எங்கள் பக்கத்துக்குப் பெரிய தீர்மானங்கள் புதிதல்ல. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தேபர் தலைமை. நேரு வந்திருந்தார். காமராசர் முதலமைச்சர். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டார்கள். பருத்திப்பட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். எங்க தாத்தா பந்தலுக்கு மூங்கில் தூக்கப் போனாராம். கூலியைச் சரியாகக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்லக் கூடாது என்பார். தீர்மானம் என்ன ஆச்சு தாத்தா என்று கேட்டால், "பந்தலப் பிரிச்சப்போ அத்தயும் சேத்துக் கட்டி எடுத்துக்கினு பூட்டாங்க" என்பார்.

அதே மாதிரி ஒரு பந்தல் 2023 நவம்பர் 30இல் துபாயில் போட்டார்கள். அய்.நா.வின் இருபத்தெட்டாவது காலநிலை மாநாடு. 2015இல் பாரிசில் ஒவ்வொரு நாடும் 'நான் இவ்வளவு கரியைக் குறைப்பேன்' என்று வாக்குக் கொடுத்ததல்லவா, அதை எந்த மட்டுக்குச் செய்திருக்கிறார்கள் என்று அய்ந்து வருசத்துக்கு ஒரு தரம் உலகமே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது என்று ஏற்பாடு. முதல் கணக்கெடுப்பு துபாயில்தான் முடிந்தது. டிசம்பர் 13 வரை பேசினார்கள். நடுவில் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்தில் கடலில் நின்றுகொண்டு கொட்டித் தீர்த்தது. அவர்கள் உலகத்தின் சூட்டைப் புள்ளி வைத்து அளந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒண்ணு. ரெண்டு. மூணு. மூணாவது செங்கல்லுக்கு மேலே தண்ணீர் ஏறியதும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்குப் போனோம்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "அண்ணா, வேங்கைவயல்ல தண்ணித் தொட்டியில பீயக் கலந்தாங்க. அந்த விவகாரமே நமக்கு நியாயமா முடியல. நீங்க இன்னாடான்னா கரி, காத்து, வெயிலுன்னு வெள்ளக்காரன் பேச்சப் பேசிக்கினு கீறீங்க. இது நம்ம பிரச்சினையாண்ணா?" கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் ஒரு நியாயம் இருந்தது. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தத் தம்பிக்கு மட்டுமில்லை, அவர் யாரை நினைத்து 'வெள்ளைக்காரன் பேச்சு' என்றாரோ அந்தச் சுற்றுச்சூழல் அன்பர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். தொழிற்புரட்சிக்கு முந்தின காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் பூமி சூடாகாமல் பார்த்துக்கொள்வோம் என்பது பாரிசில் சொன்ன ஆசை. அதற்கு 2019இல் விட்ட கரியில் 43 சதவீதத்தை 2030க்குள் குறைக்க வேண்டும் என்று துபாய் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. 2024ஆம் வருசம் மட்டும் தனியாக எடுத்தால் சூடு சுமார் 1.55 டிகிரி கூடிவிட்டது என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. இப்போதைய கொள்கைகளோடு இப்படியே போனால் நூற்றாண்டு முடிவில் 2.8 டிகிரி என்று அய்.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2025 நவம்பரில் எழுதியது. வரலாற்றில் அதிகமாகக் கரி விட்ட அமெரிக்கா 2025 ஜனவரியில் இரண்டாம் தடவையாக ஒப்பந்தத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. ஆசியக் கண்டமோ உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் சூடாகிறது. நீடித்த வளர்ச்சிக்கான பதினேழு இலக்குகளில் காலநிலை பதின்மூன்றாவது. ஆசிய-பசிபிக் பகுதியில் அது முன்னேறவில்லை, பின்னால் போகிறது என்று அய்.நா.வின் இந்தப் பகுதி ஆணையமே எழுதியிருக்கிறது. ஆக, தீர்மானம் போட்டார்கள், பந்தலைப் பிரித்தார்கள், மூங்கிலைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு இந்தத் தோல்வியைவிட, தோற்றவர்கள் பேசுகிற மொழிதான் சுவாரசியம். அதிலும் இந்திய அரசு பேசுகிற மொழி.

1992 ரியோ மாநாட்டிலிருந்து இந்தியா ஒரே வாதத்தைத்தான் வைத்து வருகிறது. பூமியைக் காப்பது எல்லோருக்கும் பொதுவான பொறுப்பு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுப் பொறுப்பு இல்லை. இருநூறு வருசமாக நிலக்கரியை எரித்து வயிறு வளர்த்தவன் நீ, இப்போது வந்து என்னையும் உன்னையும் ஒரே வரிசையில் நிற்க வைக்காதே. முதலில் தின்றவன் முதலில் பாத்திரம் கழுவட்டும். கழுவக் காசும் கொடு. 2009இல் கோபன்ஹேகனில் வருசத்துக்குப் பத்தாயிரம் கோடி டாலர் தருகிறோம் என்றார்கள், 2020க்குள் தரவில்லை. 2024இல் பாகுவில், 2035க்குள் வருசத்துக்கு முப்பதாயிரம் கோடி டாலர் என்று சுத்தியலால் தட்டி முடித்தபோது இந்தியப் பிரதிநிதி எழுந்து, இது வெறும் கண்கட்டு என்று சண்டை போட்டார். கேட்டது ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடி டாலர். சண்டை போட்டது சரிதான். நானும் இந்த வாதத்தோடு நிற்கிறேன். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை.

இந்த வாதத்தை அப்படியே எடுத்து ஊருக்குள் கொண்டு வாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தின்றவன் யார்? பாத்திரம் கழுவினவன் யார்? துபாயிலும் பாகுவிலும் நஷ்ட ஈடு கேட்கிற அதே வாய், பருத்திப்பட்டில் சேரிக்காரன் நஷ்ட ஈடு கேட்டால் 'பட்டா இருக்கா?' என்று கேட்கிறது. உலகத்தின் முன்னால் இந்தியா தன்னைச் சேரி என்று சொல்லிக்கொள்கிறது. உள்ளே வந்ததும் ஊர் ஆகிவிடுகிறது.

சராசரி என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஒரு இந்தியன் வருசத்துக்குச் சுமார் இரண்டு டன் கரிவளி விடுகிறான், உலக சராசரியில் பாதிகூட இல்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் இந்தச் சராசரி எப்படிக் குறைவாக வந்தது? நாலு குளிர்சாதனமும் மூன்று காரும் வைத்திருக்கிற வீட்டையும், ஒரு மேசை விசிறியை ஆறு பேர் சுற்றிப் படுத்துக்கொண்டு பங்கு போடுகிற வீட்டையும் கூட்டி வகுத்ததால் வந்தது. எங்கள் இல்லாமையை முதலாக வைத்து அவர்கள் கடன் வாங்குகிறார்கள். 1991லேயே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்காக விடுகிற கரியும் சொகுசுக்காக விடுகிற கரியும் ஒன்றல்ல என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். நல்ல வாதம். நாடுகளுக்கு நடுவில் பொருந்துகிற அந்த வாதம் ஒரே நாட்டுக்குள்ளும் பொருந்துமா என்ற கேள்வியை 2007இல் கிரீன்பீஸ் இந்தியா ஒரு அறிக்கையில் எழுப்பியது. பணக்கார இந்தியர்கள் ஏழை இந்தியர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அவர்களும் வருமானத்தோடு நின்றுவிட்டார்கள். சாதி என்று எழுதக் கை வரவில்லை.

வருமானம் மட்டும் போதாதா, சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று சில தோழர்கள் கேட்பார்கள். மழைக்குச் சாதி தெரியுமா என்பார்கள். மழைக்குத் தெரியாது. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று மழைக்குத் தெரியும். மேட்டில் ஊரையும் பள்ளத்தில் சேரியையும் வைத்தது எது என்று நமக்குத் தெரியும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடி. மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் நாலு லயன்களை மூடிக்கொண்டது. எழுபது பேர். பெரும்பாலும் தலைமுறைகளுக்கு முன்னால் கயத்தாறு பக்கமிருந்து கொழுந்து பறிக்கப் போன தமிழ் தலித் குடும்பங்கள். நூறு வருசம் உழைத்தும் ஒரு சென்ட் மண் சொந்தமில்லாததால் கம்பெனி காட்டின இடத்தில், மலைக்கு அடியில் படுத்திருந்தவர்கள். மறுநாள் சாயங்காலம், அதே மழையில், கோழிக்கோட்டில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. விமானத்தில் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம், பெட்டிமுடியில் செத்தவர்களின் குடும்பத்துக்கு அய்ந்து லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. இடதுசாரி அரசு! விமானத்தில் செத்தவர்கள் மேல் எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. அவர்களிலும் வளைகுடாவில் பாடுபட்ட ஏழைகள் இருந்தார்கள். ஆனால் ஒரு உயிர் இன்னொரு உயிரில் சரிபாதி என்று எந்தத் தராசு சொன்னது? அந்தத் தராசுக்குப் பெயர் வருமானமா?

சுனாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அது காலநிலையால் வந்ததில்லை, பூகம்பத்தால் வந்தது. ஆனாலும் பேரிடர் வந்தால் சாதி என்ன செய்யும் என்பதை 2004 டிசம்பரில் நாகப்பட்டினம் காட்டிவிட்டது. தலித் குடும்பங்களை முகாம்களில் சேர்க்காமல் ஒதுக்கியதையும், தண்ணீர் பிடிக்க விடாமல் தடுத்ததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. அழுகிய பிணங்களை எடுக்க மட்டும் வெளியூர் நகராட்சிகளிலிருந்து நம் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். 2015 வெள்ளத்திலும் அதேதான். தண்ணீர் வடிந்ததும் சென்னையின் குப்பையை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டி வண்டியாக ஏற்றி வந்தார்கள். வெள்ளம் அதிகமானால் அடைக்கிற சாக்கடையும் அதிகமாகும். அதில் இறங்குகிறவன் யார்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். செத்தால் பத்து லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது. சாவு நிற்கவில்லை. 2024இல் எங்கள் ஆவடியிலேயே ஒரு ஒப்பந்தத் தொழிலாளி குழிக்குள் விஷவாயுவில் செத்தார். உலகம் சூடாகச் சூடாக மழை ஒரே நாளில் கொட்டும் என்று விஞ்ஞானி சொல்கிறான். அந்த வாக்கியத்தை நான் வேறு மாதிரி படிக்கிறேன்: இன்னும் எத்தனை குழி.

இப்போது ஏரிக்கு வருகிறேன். பருத்திப்பட்டு ஏரியைப் பார்க்காதவர்கள் வந்து பாருங்கள். ஆவடி-பூந்தமல்லி சாலையில் போனால் கண்ணில் படும். சுமார் 87 ஏக்கர். 28 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, கரையைப் பலப்படுத்தி, 3 கி.மீ. நடைபாதை போட்டு 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். கூழைக்கடா வருகிறது, நத்தைகுத்தி நாரை வருகிறது. நானும் சாயங்காலம் போய் உட்காருகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஏரியில் சாக்கடை கலப்பது பற்றிய புகார் திறப்பு விழாவுக்குப் பிறகும் செய்தித்தாள்களில் வந்துகொண்டுதான் இருந்தது. அது வேறு கதை. நான் சொல்ல வந்தது நடைபாதையில் கேட்கிற பேச்சைப் பற்றி. விளையாட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு நாலு பெரியவர்கள் முன்னால் நடக்கிறார்கள். "நம்ம முன்னோர்கள் எவ்வளவு அறிவா ஏரி வெட்டி வச்சாங்க சார். குடிமராமத்துன்னு ஊரே சேந்து வேலை செஞ்சாங்க. இந்த ஆக்கிரமிப்புக்காரங்க வந்துதான் எல்லாத்தயும் கெடுத்துட்டாங்க."

'ஊரே சேந்து.' அய்யா, ஊர் சேர்ந்து வெட்டவில்லை. சேரி வெட்டியது, ஊர் பாய்ச்சியது. 1858ஆம் வருசத்தின் முதல் சட்டமே சென்னை மாகாணத்துக்கான கட்டாய உழைப்புச் சட்டம்தான். ஏரி, கால்வாய் வேலைக்கு ஆளைக் கட்டாயப்படுத்தி இழுத்து வர வெள்ளைக்காரன் எழுதியது. உங்கள் குடிமராமத்து அவ்வளவு இன்பமான கூட்டு வாழ்க்கை என்றால் அதற்குச் சட்டம் எதற்கு? அபராதம் எதற்கு? தோட்டி, நீர்க்கட்டி என்று ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு பெயர். மடை திறந்து, வாய்க்கால் காத்து, ராத்திரி முழுக்க வரப்பில் நின்று மற்றவன் வயலுக்குத் தண்ணீர் கட்டிய வேலை பல ஊர்களில் நம்முடையது. எங்க தாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு மதகுக்குள் முங்கித் தூம்பில் அடைத்த சேற்றை எடுத்தவர். கூலி, களத்து மேட்டில் மரக்கால் நெல். அந்த ஏரிப் பாசனத்தில் அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. தண்ணீரின் போக்கு அவருக்குக் கைரேகை மாதிரித் தெரியும். குடிக்க மட்டும் ஊர்க் கிணற்றைத் தொடக் கூடாது. 1927இல் மகதில் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தாரே, இந்திய மண்ணின் முதல் சுற்றுச்சூழல் போராட்டம் அதுதான் என்று எவனாவது ஒரு பசுமை ஆர்வலன் எழுதுவானா என்று ரொம்ப நாள் காத்திருந்தேன். தலித்துகளையும் இந்தியச் சூழலியல் அரசியலையும் சேர்த்து வைத்து முகுல் சர்மா ஒரு புத்தகம் எழுத 2017 ஆனது.

அப்புறம் அந்த 'ஆக்கிரமிப்பு'. நீர்நிலையை ஆக்கிரமித்தவர்களை அகற்ற 2007இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சரி, ஆக்கிரமித்தது யார்? வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் நிற்கிறது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் மனை போட்டு விற்ற இடத்தின் பெயரே 'ஏரித் திட்டம்', வெட்கப்பட்டுப் பெயரைக்கூட மாற்றவில்லை. பக்கிங்காம் கால்வாயின் நடு வயிற்றில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். இதெல்லாம் வளர்ச்சி. கூவத்தின் கரையில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தவன் ஆக்கிரமிப்புக்காரன். கூவத்தைச் சீரமைக்கிறோம் என்று சொல்லிக் கரையிலிருந்து பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்து அகற்றும் வேலையைத் தொடங்கினார்கள். 2015 வெள்ளம் அதற்கு வசதியாகப் போய்விட்டது. 'உங்க நல்லதுக்குத்தான், திரும்ப வெள்ளம் வந்தா?' என்றார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய் விட்ட இடம் எது? பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். அந்த இடமே 2015இல் தண்ணீரில் நின்றது. இதற்குப் பெயர் காலநிலைத் தகவமைப்பு. உலக மாநாடுகளில் இதற்கு நிதி கேட்கிறார்கள்.

கண்ணகி நகர் இந்த வகைக் குடியேற்றங்களில் மூத்தது. 2025 ஆகஸ்டில் விடிவதற்கு முன்னால் அங்கே ஒரு தூய்மைப் பணிப்பெண் வேலைக்குப் புறப்பட்டார். ராத்திரி பெய்த மழை தெருவில் தேங்கியிருந்தது. கால் வைத்தார். அடியில் கம்பி கசிந்திருந்தது. அங்கேயே போனார். நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கி வெளியே வீசப்பட்ட மக்கள், நகரத்தைக் கூட்ட விடியுமுன் புறப்பட வேண்டிய தூரம், மழை, வடிகாலில்லாத தெரு, பராமரிக்காத மின்கம்பி. இதில் எது காலநிலை, எது சாதி, எது நிர்வாகம் என்று பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம். அந்தச் சாவுக்குப் பத்து நாளைக்கு முன்னால்தான், வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் நாலு லட்சம். வரவேற்கிறேன். ஆனால் வெயிலால்தான் செத்தான் என்று சான்று வேண்டும். செங்கல் சூளையில், தார் ரோட்டில், குப்பை வண்டியில் மயங்கி விழுந்தவன் சான்றிதழில் எப்போதும் 'மாரடைப்பு' வந்துதான் சாகிறான். எங்கள் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்கு அடியில் மே மாசம் ரெண்டு மணிக்குப் பத்து நிமிசம் உட்கார்ந்து பாருங்கள். சிமெண்ட் தரையில் தண்ணீரை ஊற்றி, ஈரத்தில் குழந்தையைப் படுக்க வைக்கிறாள் என் தங்கச்சி. அது எந்தப் பேரிடர் பட்டியலில் வரும்?

உலகக் கணக்கில் நம்மைத் தேடிப் பார்த்தேன். பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையில் ஒரு பட்டியல் இருக்கிறது: பழங்குடிகள், உள்ளூர்ச் சமூகங்கள், புலம்பெயர்ந்தோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண்கள். எல்லோரும் இருக்க வேண்டியவர்கள்தான். பதினேழு இலக்குகளின் ஆவணத்தில் இனம், நிறம், பால், மொழி, மதம், பிறப்பு என்று வருகிறது. சாதி என்ற சொல் இல்லை. தற்செயலா? 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தபோது நம் தோழர்கள் நூற்றுக்கணக்கில் போய் முழங்கினார்கள். சாதி எங்கள் உள்வீட்டு விவகாரம் என்று சொல்லி இந்திய அரசு அந்தச் சொல்லை இறுதி ஆவணத்தில் ஏற விடாமல் தடுத்தது. மறுவருசம், 2002இல், அய்.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 'பிறப்புவழி' என்பதில் சாதியும் அடங்கும் என்று எழுதிவிட்டது. இந்திய அரசு அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கரிக்கணக்கு உலக விவகாரம், சாதிக்கணக்கு உள்வீட்டு விவகாரம். வசதியான வீடு!

முதல் வட்டமேசை மாநாட்டுக்கு 1930இல் லண்டன் போனவர்கள் அம்பேத்கரும் நம் செங்கல்பட்டு மாவட்டத்து இரட்டைமலை சீனிவாசனும். நம் பெயரில் மற்றவன் பேசக் கூடாது என்பதற்காகவே போனார்கள். இன்றைக்கு இந்தியாவின் பெயரில் காலநிலை மேசையில் பேசுகிறவர்களில் நம் சனம் எத்தனை பேர்?

இது இந்தியாவோடு நிற்கிற விசயமில்லை. 2022இல் பாகிஸ்தானில் மூன்று கோடியே முப்பது லட்சம் பேரை வெள்ளம் பாதித்தது. சிந்து மாகாணத்தில் கடைசியாகப் படகும் கடைசியாகக் கூடாரமும் போய்ச் சேர்ந்தவர்களில் பீல், கோலி சாதி விவசாயக் கூலிகள் இருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலில் இலங்கையில் அறுநூறுக்கு மேல் செத்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மலைகளில் மண் சரிந்தபோது லயத்துக்குள் இருந்தவர்கள் யார்? நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன கூலிகளின் பேரப்பிள்ளைகள். அங்கேயும் நிலமில்லை, இங்கே பெட்டிமுடியிலும் நிலமில்லை. ஆசியாவைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர்கள் ஆற்றையும் பனிமலையையும் எண்ணுகிறார்கள். நிலமில்லாதவனை எந்த மலைக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று எண்ணினால் ஆசியாவுக்கு வேறு ஒரு வரைபடம் கிடைக்கும்.

அதனால்தான் தம்பி, இது நம் பிரச்சினை. நிலப் பிரச்சினையின் இன்னொரு பெயர் இது. இதே செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அடுத்த வருசமே பஞ்சமி நிலத்துக்கு வழி பிறந்தது. தமிழ்நாடு முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. அது எங்கே போனது என்று கேட்டு 1994இல் காரணையில் போராடியபோதுதான் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். அந்த நிலம் கையில் இருந்திருந்தால் நாம் ஏரி உள்வாயிலும் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டிருப்போமா? வெள்ளம் வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே நம்மைப் பள்ளத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

(ஒரு சின்ன விசயம். எங்கள் ஆவடியில் அறுபதுகளிலிருந்து டாங்கி செய்கிறார்கள். இராணுவங்கள் விடுகிற கரியைக் கட்டாயம் கணக்குக் காட்ட வேண்டும் என்று பாரிஸ் ஒப்பந்தம் சொல்லவில்லை. எந்த நாடும் இதற்கு மறுப்புச் சொல்லிச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. இந்த ஒரு விசயத்தில் மட்டும் வடக்கும் தெற்கும் ஒற்றுமை.)

என்ன கேட்கலாம்? இந்தியா பணக்கார நாடுகளிடம் கேட்பதைத்தான் நாமும் கேட்கிறோம். கூடுதலாக ஒன்றும் இல்லை. தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்குமான துணைத்திட்ட நிதிக்கு 2024இல் தமிழ்நாடு சட்டம் போட்டிருக்கிறது. காலநிலை இயக்கம் என்ற பெயரில் வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் மக்கள்தொகைக்குத் தக்க பங்கை அந்தச் சட்டத்துக்குக் கீழே கொண்டு வாருங்கள். மரம் நடும் முன்னால் மனைப்பட்டா கொடுங்கள், மேட்டில் கொடுங்கள். ஆற்றைச் சீரமைக்கும்போது ஆற்றங்கரைக்காரனை அரை மணி நடையில் குடி வையுங்கள், முப்பது கி.மீ.க்கு அப்பால் வீசாதீர்கள். வெள்ளத்திலும் வெயிலிலும் செத்தவர்களின் கணக்கில் சாதி என்று ஒரு கட்டம் போடுங்கள். அரசு ஊழியருக்கு அந்தக் கட்டத்தைப் போடுவது ஒன்றும் புதிதில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நம்மிடம் கேட்காமல் விட்டதில்லை.

அடுத்த உலகக் கணக்கெடுப்பு 2028இல் முடிய வேண்டும். அந்த மாநாட்டை இந்தியாவில் நடத்தத் தயார் என்று 2023இல் துபாயில் வைத்தே மோடி சொன்னார். எங்கே பந்தல் போட்டாலும் சரி, அதுவரைக்கும் நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை என்று எங்கள் தெருவில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். இருநூறு பக்க நோட்டு. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். கூரை என்ன, பட்டா உண்டா, எந்த மழைக்கு எதுவரை தண்ணீர், எத்தனை நாள் வேலை போச்சு, என்ன நனைஞ்சு வீணாச்சு, யார் வந்தாங்க, என்ன கொடுத்தாங்க. வெயிலுக்குத் தனிக் கட்டம் போடணும் என்று சொன்னது, கூட்டத்தில் என்னை மடக்கின அந்தத் தம்பிதான். நோட்டு இப்போது அவரிடம்தான் இருக்கிறது. முதல் பக்கம் என் வீடு. சீட்டுக் கூரை. பட்டா இல்லை. 2015, ஜன்னல் மட்டம். 2021, வாசற்படி. 2023, மூணு செங்கல்லுக்கு மேலே. நனைஞ்சது: பாய், அரிசி, அரவை இயந்திரம், தங்கச்சி பொண்ணோட பத்தாம் வகுப்புப் புத்தகம்.